சுருட்டை என்கிற மொட்டைச் செடி

என் வேலை கஞ்சா இலையில் முடி எண்ணுவது. சம்பளச் சீட்டில் 'மேற்பரப்புக் கணிப்பாளர், நிலை இரண்டு' என்று போட்டிருக்கும். ஊரிலிருந்து யாராவது போன் செய்து கேட்டால் வேளாண்மைத் துறை என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். கடல் தாண்டி வந்து பத்தொன்பது வருடமாகக் கையோகிள் என்கிற ஊரின் மலையடிவாரத்தில் குடியிருக்கிறேன், அந்தச் சரக்கை ஒரு தடவைகூட இழுத்ததில்லை. இழுத்திருந்தால் இந்த அலுவலகம் எனக்குக் கொஞ்சம் புரிந்திருக்கும்.

இலைத்தோற்ற நிர்ணய வாரியம் என்பது அலுவலகத்தின் பெயர். மருந்துக்காகக் கஞ்சா வளர்க்கிறவர்கள் புது ரகம் ஏதாவது உண்டாக்கினால் எங்களிடம் வந்து பதிய வேண்டும். இலையின் மேல்பக்கம் முடி எவ்வளவு, அடிப்பக்கம் எவ்வளவு, பிசின் சுரப்பி எவ்வளவு, தடவினால் சொரசொரப்பா வழவழப்பா என்று பார்த்து நாங்கள் எண் போடுவோம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஐந்தே எண்கள். ஒன்று என்றால் முடியே இல்லை, ஒன்பது என்றால் அடர்த்தி. இரண்டும் நான்கும் ஆறும் எட்டும் எங்கே போயின என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். எதிர்காலத் தேவைக்காக ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். எதிர்காலம் இன்னும் வரவில்லை.

இங்கே இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் பட்டப்பெயரைத் தலைகீழாகத்தான் வைப்பார்கள். ஆறடி நாலங்குல ஆள் குட்டி. செம்பட்டைத் தலையன் நீலன். நான் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் எனக்கு அரட்டை என்று பெயர். ஞானவேல் என்பது ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லாத எங்கள் இயக்குநர் ஃபெர்கஸ் ஹாடோவைச் சுருட்டை என்று முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். இதையெல்லாம் இங்கே யாரும் யாருக்கும் விளக்குவதில்லை.

போன வருடம் மார்ச் மாதம் நோலீன் டிரிக்கெட் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். அறுபத்து மூன்று வயது. முன்பு மாடு வைத்திருந்தவர். வெள்ளம் மாடுகளைக் கொண்டுபோன பிறகு உரிமம் வாங்கி மருந்துக் கஞ்சாவுக்கு மாறியவர். அவரும் அவர் தம்பி மெர்வும்தான் பண்ணை. பூக்களைச் சுற்றியிருக்கும் இலைகளைக் கத்தரிப்பது மெர்வின் வேலை. கஞ்சா இலையின் மேல்பக்கத்தில் குட்டையான கொக்கி முடிகள் உண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் சுண்ணாம்பு மணி ஒன்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். சிலருக்கு ஒன்றும் செய்யாது. மெர்வுக்கு ஒவ்வொரு பருவத்திலும் முழங்கை வரை தடித்து, கொப்பளித்து, நீர் வடியும். கையுறை, நீளச்சட்டை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. இன்னும் இரண்டு பருவம் இப்படிப் போனால் கை விரலை மடக்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மெர்வுக்கு ஐம்பத்தெட்டு வயது. பண்ணையின் பின்பக்கம் சக்கரம் வைத்த ஒரு வண்டிவீட்டில் இருக்கிறார். வேறு வேலை தெரியாது, வேறு மனிதரும் கிடையாது.

அதற்காகத்தான் நோலீன் ஒன்பது வருடம் செடியோடு செடியைச் சேர்த்துச் சேர்த்து, இலையில் முள்முடியே இல்லாத ஒன்றை உண்டாக்கினார். பூவில், மருந்து இருக்கிற பிசின் மட்டும் பழையபடி இருந்தது. அதுதான் பெரிய விஷயம். முடியைத் துரத்தினால் பிசினும் கூடவே ஓடிவிடும் என்று படித்தவர்களே கைவிட்ட காரியம். மொத்தம் ஏழு செடி. விதையில் குணம் நிற்காது, கிளையை வெட்டி நட்டால்தான் வரும். அந்த ஏழும் போனால் எல்லாம் போச்சு. ஆராய்ச்சி அனுமதி ஜூன் முப்பதோடு முடிகிறது. அதற்குள் பதிவு ஆகாவிட்டால் சட்டப்படி ஏழையும் அழித்துவிட வேண்டும்.

இலையை உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழே வைத்தேன். மேலிருந்து மூன்றாவது கணு, நடு இலை, ஒரு சதுர மில்லிமீட்டர் வீதம் இருபது இடம். பூஜ்யம். இன்னொரு இலை. பூஜ்யம். பூச்சிக்கடியா, கழுவிவிட்டார்களா என்று சந்தேகப்பட்டு நானே பண்ணைக்குப் போய்ப் பறித்துவந்து எண்ணினேன். பூஜ்யம். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக எழுந்து போய் ஜன்னலோரம் நின்றேன். ரகத்தின் பெயர் என்ற கட்டத்தில் நோலீன் 'சுருட்டை' என்று எழுதியிருந்தார். மொட்டையாக இருக்கிற செடிக்கு இந்த ஊரில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அதில் ஒரு வம்பு இருப்பதை நான்கூடக் கவனிக்கவில்லை.

முதல் கூட்டம் ஏப்ரலில் நடந்தது. இயக்குநர் என் அறிக்கையை எடுத்து, ரகத்தின் தனித்தன்மை என்ன என்று நோலீனைக் கேட்டார். முடி இல்லாததுதான் என்றார் நோலீன்.

"தனித்தன்மைன்னா இருக்கற ஒண்ணா இருக்கணும்மா" என்றார் இயக்குநர். "இல்லாதது எப்படித் தனித்தன்மை ஆவும்? எங்கிட்ட யானை இல்ல. அதுக்காக யானை இல்லாதவன்னு என்னைப் பதிஞ்சுக்க முடியுமா?"

குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் யோசித்தார்கள். யானையைப் பற்றித்தான் யோசித்தார்கள் என்று நினைக்கிறேன். நாலு வாரம் கழித்து முடிவு வந்தது: இல்லாமையைத் தனித்தன்மையாக ஏற்கலாம், ஆனால் அந்த இல்லாமையை எந்தக் கருவியால் கண்டுபிடித்தார்களோ அந்தக் கருவியின் அளவுத்திருத்தச் சான்று வேண்டும்.

நோலீனிடம் கருவி எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாற்றின் இலையையும் பறித்து மெர்வின் முன்கையில் நாலு தேய்ப்புத் தேய்ப்பார். தேநீர் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருப்பார். தோல் சிவந்தால் நாற்றைப் பிடுங்கிப் போடுவார், சிவக்காவிட்டால் வைத்துக்கொள்வார். ஒன்பது வருடத்தில் ஏறக்குறைய நாலாயிரம் நாற்று இப்படித் தேறி, தோற்றுப் போயிருக்கிறது. இதை அவர் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார். வாரியம் அசரவில்லை. கருவியை நேரில் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் போட்டது.

மெர்வ் வந்தார். இடக்கையை மேசைமேல் நீட்டி வைத்தார். அளவுத்திருத்தப் பிரிவிலிருந்து வந்த பையன் உப்புத்தாளில் மூன்று தரம் கொண்டுவந்திருந்தான். கரடு, நடுத்தரம், நைசு. ஒவ்வொன்றாகத் தேய்த்து, கடிகாரத்தைப் பார்த்து, சிவப்பை ஒரு வண்ண அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்தான். பிறகு கையில் ஒரு ஒட்டுத்தாள் ஒட்டினான். கருவி எண் 0412, அடுத்த சோதனை ஜூலை. பயன்படுத்தாத நேரத்தில் கருவியைத் தூசியில்லாத, ஈரமில்லாத இடத்தில் தனியாக வைக்க வேண்டும் என்ற காகிதத்தில் கையெழுத்தும் கேட்டான்.

மெர்வ் வலக்கையால் கையெழுத்துப் போட்டார். "வேலை முடிஞ்சதும் கழட்டி அலமாரில வெச்சுடறேம்ப்பா" என்றார். பையன் நன்றி சொல்லி அதையும் எழுதிக்கொண்டான்.

சான்று கிடைத்தது. நோலீன் அன்றைக்குத்தான் முதன்முதலாக எங்கள் வளாகத்தில் சிரித்து நான் பார்த்தேன். எனக்கு ஒரு டப்பா லாமிங்டன், தேங்காய்த் துருவல் தூவிய கேக், கொண்டுவந்து தந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, இங்கே பூசாரிகள் ஏழு பேர். ஜூன் பத்தாம் தேதி இன்னொரு கூட்டம் போட்டார்கள். இப்போது சிக்கல் பெயரில்.

ரகத்தின் பெயர் அதன் குணத்தைப் பற்றித் தவறான எண்ணம் தரக் கூடாது என்பது பதினாறாம் விதி. செடிக்கு முடியில்லை, பெயரோ சுருட்டை. குழுவின் செயலர் விதியை வாசித்ததும் அறையில் கொல்லென்று ஒரு சிரிப்பு. உரிமப் பிரிவிலிருந்து வந்திருந்த ஆறடி நாலங்குலக் கிளைவ் பார்ட்ஸ்லி, அதாவது குட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நீலன் என்கிற செம்பட்டையும் சிரித்தார். ஜோக் எல்லாருக்கும் புரிந்தது. சிரித்து முடித்து, மூக்கைச் சிந்தி, விதி மீறப்பட்டிருக்கிறது என்று ஏழு பேரும் கைதூக்கினார்கள்.

"அப்ப பேரை மாத்திக்கறேன்" என்றார் நோலீன். "என்ன வேணா வெச்சுக்கங்க. மொட்டைன்னே வெச்சுக்கங்க."

பெயரை மாற்றத் தனி விண்ணப்பம், விளம்பரம், ஆட்சேபணைக் காலம், மறுவிளம்பரம் எல்லாம் சேர்த்துப் பதினாலு மாதம் ஆகும் என்றார் செயலர். ஜூன் முப்பதுக்கு இருந்தது இருபது நாள். நோலீன் மேசையைப் பார்த்தார். இயக்குநருக்கு மனசு கேட்கவில்லை. செடிக்குத் தன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவர் முதல் நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தார். அதை மாற்றுவதில் அவருக்குச் சொந்த வருத்தம் வேறு இருந்தது. எழுந்து நின்று பேசினார். அந்தப் பேச்சை ஆண்டறிக்கையில்கூடப் போட்டார்கள்.

"நோலீன், ஒங்க செடிக்கு முடியில்லைன்னு எனக்குத் தெரியும். எந் தலையில முடியில்லைன்னும் எனக்குத் தெரியும். ஆனா வாரியத்துக்குத் தெரியாது. வாரியம் மனுஷன் இல்ல, அதுக்கு ஜோக் புரியாது. பன்னெண்டு வருஷம் இதுல ஒக்காந்தவன் சொல்றேன். செடிய மாத்தணும்னா ஒம்பது வருஷம் ஆவும். பேர மாத்தணும்னா பதினாலு மாசம். விவரத்த மாத்தணும்னா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுடலாம். எது சுலபம்னு நீங்களே சொல்லுங்க. இதுவரைக்கும் நான் ஒரு செடியக்கூடத் தொட்டதில்ல. அதனாலதான் எந்தப் பாரபட்சமும் இல்லாம ஒங்களுக்கு ஒதவ முடியுது."

கைதட்டினார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவர்களைப் பற்றி நம் ஊரில் சொல்வார்கள். முடிச்சு விழுந்ததை நேரில் பார்த்தவன் நான்தான். விவரக் குறிப்பில் 'இலை மேற்பரப்பு முடி: 1' என்று நான் எழுதியதை அடித்து '9' என்று எழுதச் சொன்னார்கள். கீழே 'மேலிட உத்தரவின்படி' என்று ஒரு முத்திரை. எழுதினேன். மேலே இருந்து சொன்னார்கள், எழுதினேன். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் நோலீன் என்னிடம் கேட்டார், இதனால் செடிக்கு ஒன்றும் ஆகாதே என்று. ஆகாது என்றேன். அப்போது நான் அதை நம்பினேன்.

ஜூன் இருபத்து நாலாம் தேதி பதிவு முடிந்தது. எண் கிடைத்தது. சான்றிதழ் அச்சாகி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மெர்வ் புதிய பருவத்துக்கு ஏழு செடியிலிருந்தும் கிளை வெட்டி நடுவதற்குத் தொட்டிகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார். ஆராய்ச்சி அனுமதி முடிகிற முப்பதாம் தேதிக்கு முன் வெட்டினால் அது சட்டவிரோதப் பெருக்கம். அதனால் காத்திருந்தார்கள். இவர்கள் ஒரு விதியையும் மீறாதவர்கள். அதுதான் இவர்கள் செய்த தப்பு.

முப்பதாம் தேதி காலையில் குட்டி தன் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். ஆராய்ச்சி அனுமதி முடிகிற நாளில் கொட்டகையில் இருக்கிற செடி பதிவு விவரத்தோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் அது அடையாளம் தெரியாத கஞ்சா. அன்றே அழிக்க வேண்டும். முடி எண்ணச் சான்று பெற்றவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான் என்பதால் என்னையே அனுப்பினார்கள்.

பதிவில் முடி ஒன்பது, செடியில் முடியே இல்லை; நோலீனுக்கு இந்த விஷயம் புரிய ஐந்து நிமிடம் ஆனது. எனக்கு வண்டியிலேயே புரிந்திருந்தது. கொட்டகையில் ஏழு செடியும் நெஞ்சு உயரத்துக்கு நின்றன. இலையெல்லாம் எண்ணெய் தடவினது மாதிரி பளபளவென்று இருந்தன.

குட்டி இயக்குநருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது. அங்கே காலைத் தேநீர் நேரம், கரண்டிச் சத்தமும் சிரிப்பும் வந்தது. பொருத்தம் பார்ப்பது உரிமப் பிரிவின் வேலை, அதில் நான் தலையிட்டால் அதற்குப் பெயர் ஊழல் என்றார் இயக்குநர். விவரம் தப்பு என்று உங்களுக்கே தெரியுமே என்று கேட்டார் குட்டி. "விவரம் சரிதான், குட்டி. ஏழு பேர் கைதூக்கியிருக்கோம்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

குட்டி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, கணிப்பாளர் என்ன எண் எழுதுகிறாரோ அதுதான் தனக்கு வேதம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய் வண்டிப் பக்கம் நின்றுகொண்டார். அவருடைய துணிச்சல் அவ்வளவு தூரம் வரும், அதற்கு மேல் வராது.

நோலீன் என் பக்கத்தில் வந்தார்.

"அரட்டை. அந்த ஒம்பத மட்டும் போட்டுடு ராசா. ஏற்கெனவே ஒரு வாட்டி போட்டதுதானே."

நான் கண்ணாடியை எடுத்து வைத்தேன். மூன்றாவது கணு, நடு இலை, இருபது இடம். எண்ணிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியும், யாரும் என்னைத் திருப்பிச் சோதிக்கப் போவதில்லை. சோதிக்கத் தெரிந்தவன் வேறு எவனும் இல்லை. ஒன்பது என்று எழுதினால் மெர்வ் அந்த மத்தியானமே கிளை வெட்டியிருப்பார். ஆனால் பத்தொன்பது வருடத்தில் கண்ணால் காணாத முடியை நானாக ஒரு நாளும் எழுதியதில்லை. மேலே இருந்து சொன்னால் எழுதுவேன். நானாக எழுத மாட்டேன். இதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று என்று எழுதினேன்.

நோலீன் அதைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மெர்வ் தொட்டிகளைப் பழையபடி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். விதிப்படி செடிகளை வேரோடு அரைத்து, பாதிக்குப் பாதி மண்ணும் மாட்டுச் சாணமும் கலந்து, கலந்ததைப் படம் எடுக்க வேண்டும். இருபது நிமிடத்தில் முடிந்தது. அழிக்கப்பட்டது: அடையாளம் தெரியாத கஞ்சா, ஏழு. சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வழக்கம்போலச் சாப்பிட்டேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை, இன்று வரைக்கும் வரவில்லை.

ஜூலை பத்தொன்பதாம் தேதி சான்றிதழ் வந்தது. தடித்த காகிதம், புடைப்பு முத்திரை, பச்சை நாடா. அதை நேரில் கொடுத்து, உண்டாக்கியவரைச் செடியோடு நிற்க வைத்துப் படம் எடுத்துவர வேண்டும், ஆண்டறிக்கைக்கு. வேறு யாரும் போக ஒப்பவில்லை. நான் போனேன்.

மெர்வ் கொட்டகையில் பழைய முள்ரகத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். சட்டைக் கை பொத்தான் வரைக்கும் மூடியிருந்தது. நோலீன் கையைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கினார். என்ன போட்டிருக்கிறது என்று மெர்வ் கேட்க, அவர் வாசித்தார். சுருட்டை என்னும் இந்த ரகத்தைப் பெருக்கும் உரிமை இன்று முதல் இருபது ஆண்டுகளுக்கு நோலீன் டிரிக்கெட் ஒருவருக்கே உண்டு, அவர் அனுமதியின்றி வேறு எவரும் ஒரு கிளையும் வெட்டக் கூடாது.

"அப்பப் பெருக்கு" என்றார் மெர்வ்.

யாரும் சிரிக்கவில்லை. படம் எடுக்க ஒரு செடி வேண்டும் என்று நான் சொன்னேன். இவ்வளவு நேரத்தில் நான் பேசியது அது ஒன்றுதான். நோலீன் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், பிறகு மெர்வ் கத்தரித்துக்கொண்டிருந்த முள்ரகத்தையே காட்டினார். படிவத்தில் இலை முடியின் அளவையும் கேட்டிருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். ஒன்பது. பதிவோடு அப்படியே பொருந்தியது. இனி சட்டப்படி அதுதான் சுருட்டை.

இலையின் மேற்பரப்பு படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது விதி. காற்றில் செடி ஆடியது. நோலீன் ஒரு கையில் சான்றிதழைப் பிடித்திருந்ததால் செடியைப் பிடித்துக்கொள்ள மெர்வ் வந்தார். இலை மறைகிறது, சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள் என்றேன். மடித்தார். இரண்டு கையாலும் செடியை அணைத்துப் பிடித்தார். முதல் படம் எடுப்பதற்குள்ளேயே முன்கையில் கோடு கோடாகத் தடித்து வந்தது. அந்தப் படத்தில் நோலீன் கண்ணை மூடியிருந்தார்.

"இன்னொண்ணு எடுத்துக்கறேன்" என்றேன். "இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடிங்க."

மெர்வ் கிட்டப் பிடித்தார்.